கிறிஸ்துமஸ் பரிசாக அழகுசாதனப் பொருள்கள்: குறைந்த விலையில் பாதுகாப்பாகத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேரள எல்லையோரச் சந்தைகளில் பரிசுப் பொருள் விற்பனை சூடுபிடிக்கும் காலம் இது. லேபிளில் கவனிக்க வேண்டியவை, வாங்க ஏற்றவை, தவிர்க்க வேண்டியவை குறித்த விரிவான தொகுப்பு.

பாலக்காடு / இடுக்கி: கிறிஸ்துமஸ் நெருங்கும் வேளையில் சோப்பு, லிப் பாம், முகப்பூச்சு, நகப்பூச்சு, வாசனைத் திரவியம் போன்ற சிறிய அழகுசாதனப் பொருள்கள் பரிசுக்காக அதிகம் வாங்கப்படுகின்றன. நூறு, இருநூறு ரூபாய்க்குள் அடங்குவதும், வண்ணத் தாளில் பொதிந்து கொடுக்க எளிதாக இருப்பதும் இதற்குக் காரணம்.

அதே வேளையில், உரிமம் இல்லாத அழகுசாதனப் பொருள்களை எதிர்த்துக் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 முதல் தொடர் சோதனைகளை நடத்தி வருகிறது. தனக்கென்று ஒரு பொருளை வாங்குபவர் அதன் லேபிளைப் படித்துப் பார்க்கக்கூடும். பரிசாகப் பெறுபவரோ, கொடுத்தவர்மீது கொண்ட நம்பிக்கையில் அப்படியே பயன்படுத்தத் தொடங்கிவிடுவார். எனவே பரிசுப் பொருளைச் சரிபார்க்கும் பொறுப்பு வாங்குபவரையே சேர்கிறது.

காலுறையிலிருந்து ‘கிறிஸ்துமஸ் ஃபிரண்ட்’ வரை

மேலை நாடுகளில் கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் காலுறையைத் தொங்கவிட்டு, அதில் சிறு பரிசுகளை நிரப்புவது மரபு. நான்காம் நூற்றாண்டில் மைரா நகரின் ஆயராக இருந்த புனித நிக்கோலாஸ், ஏழைக் குடும்பத்தின் மூன்று மகள்களுக்கு யாருமறியாமல் பொற்காசுகளை வழங்கினார் என்னும் மரபுக்கதையோடு இவ்வழக்கம் தொடர்புபடுத்தப்படுகிறது.

கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் காலுறையின் இடத்தை வேறொரு வழக்கம் பிடித்திருக்கிறது. பள்ளி, கல்லூரி, அலுவலகம், ஆலய இளைஞர் குழு ஆகியவற்றில் சீட்டுக் குலுக்கி, யாருக்கு யார் பரிசளிப்பது என்று முடிவு செய்வார்கள். கேரளத்தில் இது ‘கிறிஸ்துமஸ் ஃபிரண்ட்’ என்றும், தமிழ்நாட்டில் ‘கிறிஸ் மா – கிறிஸ் சைல்டு’ என்றும் அழைக்கப்படுகிறது. பரிசின் விலைக்கு முன்கூட்டியே ஓர் உச்சவரம்பு வைப்பதும் உண்டு.

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையார் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் வாழ்கின்றனர். பாலக்காட்டில் 2013-ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட சுல்தான்பேட்டை மறைமாவட்டம் தமிழ்க் கத்தோலிக்கர்கள் கணிசமாக உள்ள மறைமாவட்டமாகும். மூணாறின் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும் கிறிஸ்துமஸ் பெருவிழாவாகவே கொண்டாடப்படுகிறது. இப்பகுதி மக்கள் உள்ளூர்க் கடைகளுடன், எல்லைக்கு அப்பாலுள்ள பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, கம்பம், போடிநாயக்கனூர் கடைவீதிகளிலும் பொருள் வாங்குகின்றனர்.

‘ஆபரேஷன் சௌந்தர்யா’ வெளிக்கொணர்ந்தது என்ன?

கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் மாநிலம் முழுவதும் சோதனை மேற்கொண்டது. முதல் இரண்டு கட்டங்களில் 7 லட்சம் ரூபாய்க்கும் அதிகமான மதிப்புள்ள பொருள்கள் பறிமுதல் செய்யப்பட்டன. 33 நிறுவனங்கள்மீது சட்ட நடவடிக்கை எடுக்கப்பட்டது. லிப்ஸ்டிக், முகப்பூச்சு ஆகியவற்றின் சில மாதிரிகளில் பாதரசம் அனுமதிக்கப்பட்ட அளவைப் போல் 12,000 மடங்கு வரை இருந்ததாக மாநில சுகாதாரத் துறை 2025-இல் தெரிவித்தது.

இந்த எண்ணின் பொருளை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். கண்ணைச் சுற்றிப் பூசுபவை தவிர்த்த அழகுசாதனப் பொருள்களில், தற்செயலாகக் கலந்த பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது இந்திய விதி. அதைப் போல் 12,000 மடங்கு என்றால், 20 கிராம் டப்பா ஒன்றில் ஏறத்தாழ கால் கிராம் பாதரசம் இருப்பதாகும்.

கோட்டக்கல் மருத்துவர்கள் கண்டறிந்த சிறுநீரக பாதிப்பு

பாலக்காட்டை அடுத்த மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரகவியல் மருத்துவர்கள், அரிதான ஒரு சிறுநீரக நோயுடன் அடுத்தடுத்து நோயாளிகள் வருவதைக் கவனித்தனர். 14 வயதுச் சிறுமி ஒருவருக்கும், அவருடைய உறவினர் ஒருவருக்கும் ஒரே நோய் இருப்பது தெரியவந்தபோது, இருவருக்கும் பொதுவானது எது என்று ஆராயப்பட்டது. இருவரும் ஒரே சிவப்பழகு கிரீமைப் பயன்படுத்தியது தெரியவந்தது.

2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அங்கு கண்டறியப்பட்ட ‘மெம்பிரனஸ் நெஃப்ரோபதி’ நோயாளிகள் 22 பேர். அவர்களில் 15 பேருக்கு ‘நெல்-1’ என்ற புரதத்துடன் தொடர்புடைய அரிய வகை காணப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பயன்படுத்தியவர்கள். இந்த ஆய்வு ‘கிட்னி இன்டர்நேஷனல்’ என்ற மருத்துவ இதழில் வெளியானது. கிரீமை நிறுத்திய பின்னர்ப் பெரும்பாலோரின் உடல்நிலை தேறியதாகவும் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

இந்நோயில் சிறுநீரகத்தின் வடிகட்டும் சவ்வு பழுதடைந்து, உடலுக்குத் தேவையான புரதம் சிறுநீரில் வெளியேறுகிறது. கால் வீக்கம், முக வீக்கம், சிறுநீரில் நுரை ஆகியவை முதன்மையான அறிகுறிகள்.

பாதரசம் ஏன் சேர்க்கப்படுகிறது?

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற நிறமி. அது உருவாவதைப் பாதரச உப்புகள் தடுக்கின்றன. இதனால் சில வாரங்களிலேயே தோல் வெளுத்ததுபோல் தோன்றும். ஆனால் தோல் வழியாக உள்ளே செல்லும் பாதரசம் சிறுநீரகத்தில் படிகிறது. பூசியவரைத் தொடும் குழந்தைகளும், அதே துண்டையும் தலையணையையும் பயன்படுத்துவோரும் பாதிக்கப்பட வாய்ப்புண்டு.

பாதரசம் சேர்த்து அழகுசாதனப் பொருள் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. இந்தியா 2018-இல் ஏற்புறுதி அளித்த மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள், பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருள்களை 2025-க்குள் முற்றிலும் ஒழிக்க 2023-இல் ஜெனீவாவில் முடிவு செய்தன.

சட்டவிரோதத் தயாரிப்புகள் பாதரசத்தை லேபிளில் குறிப்பிடுவது அரிது. குறிப்பிட்டாலும் ‘கலோமெல்’, ‘மெர்குரஸ் குளோரைடு’, ‘அம்மோனியேட்டட் மெர்குரி’ போன்ற பெயர்களில் இருக்கும். தங்கம், வெள்ளி போன்ற உலோகப் பொருள்களில் படாமல் பார்த்துக்கொள்ளுமாறு எச்சரிக்கும் முகப்பூச்சு எதுவானாலும் ஐயத்துக்குரியது.

லேபிளில் கவனிக்க வேண்டியவை

விலை குறைவாக இருப்பது மட்டுமே ஒரு பொருளைக் குறைபாடுள்ளதாக ஆக்கிவிடாது. உரிமம் பெற்ற நிறுவனங்கள் தயாரிக்கும் தரமான பொருள்கள் பல இருபது, முப்பது ரூபாய்க்கும் கிடைக்கின்றன. விவரம் இல்லாத பொருளே ஆபத்தானது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டமும், 2020 டிசம்பரில் வெளியிடப்பட்ட அழகுசாதனப் பொருள்கள் விதிகளும் லேபிளில் இருக்க வேண்டிய விவரங்களை வரையறுத்துள்ளன.

• தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும். ஊர்ப் பெயர் இல்லாமல் நிறுவனப் பெயர் மட்டும் இருந்தால் போதாது.

• உற்பத்தி உரிம எண். ‘எம்’ அல்லது ‘எம்.எல்.’ என்ற எழுத்துகளைத் தொடர்ந்து இது அச்சிடப்பட்டிருக்கும்.

• தொகுதி எண். புகார் அளிக்கும்போது எந்தத் தொகுதியில் குறை என்பதைக் கண்டறிய இது உதவும்.

• எந்த மாதம், ஆண்டுக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம்.

• சேர்பொருள் பட்டியல். ஒரு விழுக்காட்டுக்கு மேல் உள்ளவை அளவின் இறங்கு வரிசையில் தரப்பட்டிருக்க வேண்டும்.

• நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை, நுகர்வோர் தொடர்பு விவரம்.

• வெளிநாட்டுப் பொருளானால், இறக்குமதியாளரின் பெயர், முகவரி, ‘ஆர்.சி.’ எனத் தொடங்கும் பதிவுச் சான்றிதழ் எண்.

வெளிநாட்டு எழுத்துகள் மட்டுமே கொண்ட கிரீம் டப்பாவில் இந்திய இறக்குமதியாளரின் விவரம் இல்லையெனில், அது முறையான வழியில் நாட்டுக்குள் வந்ததன்று எனக் கொள்ளலாம். ‘வெளிநாட்டிலிருந்து வந்தது’ என்ற சொல் தரத்துக்குச் சான்றாகாது.

சிறிய பொட்டலங்களில் கூடுதல் கவனம்

பரிசுக்கு வாங்கப்படும் சிறிய பொருள்களுக்கு விதிகளில் சில விலக்குகள் உள்ளன. 60 மில்லிலிட்டருக்குக் குறைவான திரவங்களுக்கும், 30 கிராமுக்குக் குறைவான திட, பசைப் பொருள்களுக்கும் சேர்பொருள் பட்டியல் கட்டாயமன்று. 10 கிராம், 25 மில்லிலிட்டர் அல்லது அதற்கும் குறைந்த பொருள்களில் தொகுதி எண்ணும் இல்லாதிருக்கலாம்.

ஆகவே, லிப் பாம் போன்ற மிகச் சிறிய பொருளில் பட்டியல் இல்லை என்பதாலேயே அது போலி ஆகிவிடாது. ஆனால் இத்தகைய சிறு பொருள்களைப் பெயர் தெரிந்த, பெரிய அளவிலும் கிடைக்கும் தயாரிப்புகளிலிருந்து தேர்ந்தெடுப்பது நல்லது. பெரிய டப்பாவில் உள்ள பட்டியலைப் படித்துவிட்டுச் சிறியதை வாங்கலாம்.

பருவத்துக்கு ஏற்ற பரிசுகள்

மார்கழி மாதத்தின் தட்பவெப்பம் இவ்விரு மாவட்டங்களிலும் தோலை வறட்சியாக்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று உதட்டையும் கையையும் வெடிக்கச் செய்கிறது. மூணாறில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் வெப்பநிலை உறைநிலையை ஒட்டிச் செல்வதுண்டு. இப்பருவத்தில் உண்மையில் பயன்படும் பொருள்கள் பெரும்பாலும் விலை குறைந்தவையே.

பெட்ரோலியம் ஜெல்லி: தோலிலிருந்து ஈரம் வெளியேறுவதைத் தடுக்கும் எளிய பூச்சு இது. உதடு, குதிகால், விரல் இடுக்கு ஆகிய இடங்களில் பயன்படுத்தலாம். வாசனையும் நிறமும் சேர்க்காத வகை பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். குளிரில் பச்சைத் தேயிலை கிள்ளும் தோட்டத் தொழிலாளருக்கும், தண்ணீரில் அதிகம் புழங்குவோருக்கும் பொருத்தமான பரிசு.

லிப் பாம்: நிறமற்ற அல்லது குறைந்த நிறமுள்ள வகை நல்லது. உதட்டில் பூசும் பொருள் சிறிதளவு வயிற்றுக்குள்ளும் செல்கிறது என்பதால், உரிம விவரம் இல்லாத லிப்ஸ்டிக்கைத் தவிர்க்க வேண்டும். நிறமிகளில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்கையும், ஆர்சனிக் 2 பங்கையும் தாண்டக்கூடாது என்று விதிகள் கூறுகின்றன. விவரமற்ற தயாரிப்பில் இதைச் சோதித்தவர் எவருமிலர்.

குளியல் சோப்பு: சோப்பின் தரத்தை அறிய, உறையில் ‘டி.எஃப்.எம்.’ எனக் குறிக்கப்படும் மொத்தக் கொழுப்புச் சத்தின் அளவைப் பார்க்கலாம். இந்தியத் தரநிலைப்படி முதல் தரச் சோப்பில் இது 76 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60 விழுக்காடு. ‘பேதிங் பார்’ எனக் குறிப்பிடப்படுபவை வேறு வகை. அவற்றில் இது 40 விழுக்காடாகவும் இருக்கலாம். ஒரே விலையில் இரண்டு சோப்புகள் இருந்தால் இந்த எண்ணை ஒப்பிட்டு வாங்கலாம்.

தேங்காய் எண்ணெய், தலைமுடி எண்ணெய்: குளிரில் உறைவது தேங்காய் எண்ணெயின் இயல்பு. எனவே மூணாறில் உறைந்த எண்ணெயைக் கெட்டுப்போனதாகக் கருத வேண்டியதில்லை. வாசனை கூட்டிய எண்ணெய்களில் சேர்பொருள் பட்டியலைப் பார்ப்பது நல்லது.

கைக்கிரீம், உடல் பூச்சு: மெல்லிய லோஷனைவிடக் கெட்டியான கிரீம் குளிர்ப் பகுதிகளுக்கு ஏற்றது. குழந்தைகளுக்கும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் வாசனையற்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உள்ளூர் அடையாளமுள்ள பொருள்கள்

இடுக்கியின் மறையூர், இயற்கைச் சந்தனக் காடுகளுக்குப் பெயர் பெற்றது. அங்குச் சேகரிக்கப்படும் சந்தன மரங்களைக் கேரள வனத்துறை ஏலம் விடுகிறது. ஏலத்தில் வாங்கும் முக்கிய நிறுவனங்களுள் ஒன்று, 1916-இல் தொடங்கிய மைசூர் சந்தன எண்ணெய் ஆலையின் வழிவந்த, கர்நாடக அரசின் சோப்பு மற்றும் டிடர்ஜென்ட்ஸ் நிறுவனம். அந்நிறுவனத்தின் மைசூர் சாண்டல் சோப்புக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கோழிக்கோட்டில் 1914-இல் தோன்றி, இப்போது கேரள அரசுக்குச் சொந்தமாக உள்ள ‘கேரள சோப்ஸ்’ நிறுவனமும் சந்தனச் சோப்பைத் தயாரிக்கிறது. கிறிஸ்துமஸ் ஃபிரண்டுக்கு உள்ளூர்த் தொடர்புள்ள எளிய பரிசு தேடுவோருக்கு இவை பொருந்தும்.

சின்னாறு, மறையூர்ப் பகுதி மலைவாழ் மக்கள் காய்ச்சும் எலுமிச்சைப்புல் தைலமும் வாசனைக்காக வாங்கப்படுகிறது. ஆனால் எத்தகைய நறுமணத் தைலத்தையும் நேரடியாகத் தோலில் பூசக்கூடாது. எரிச்சலும் கொப்புளமும் ஏற்படலாம். பரிசளிக்கும்போது இதைச் சொல்லிக் கொடுப்பது நல்லது.

மகளிர் குழுக்கள் வீட்டளவில் தயாரிக்கும் சோப்பும் எண்ணெயும் சந்தைகளில் கிடைக்கின்றன. விற்பனைக்கான அழகுசாதனப் பொருளுக்கு உரிமம் தேவை என்னும் விதி சிறு தயாரிப்பாளருக்கும் பொருந்தும். ‘மூலிகை’, ‘இயற்கை’ ஆகிய சொற்கள் உரிம எண்ணுக்கு மாற்றாகமாட்டா.

பரிசாகத் தவிர்க்க வேண்டியவை

சிவப்பழகு கிரீம்: ஏழு நாளில் நிறம் மாறும் என்று உறுதியளிக்கும் எந்தப் பூச்சும் ஐயத்துக்குரியது. நிறத்தை மாற்றிக்கொள்ளுமாறு ஒருவருக்குப் பரிசு அளிப்பது அவர் மனத்தைப் புண்படுத்தவும் கூடும்.

ஸ்டீராய்டு கலந்த கிரீம்: குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் ஆகியவை கலந்த கிரீம்கள் மருந்துகள். மருத்துவர் சீட்டின்றி இவற்றை விற்பதைத் தடுக்க, 2018-இல் அரசு இவற்றை ‘ஷெட்யூல் எச்’ பட்டியலின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. தொடர்ந்து முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, பருக்கள் தோன்றும்.

கறுப்பு மருதாணி: இயற்கை மருதாணி ஆரஞ்சு கலந்த செந்நிறமே தரும். சில நிமிடங்களில் கருநிறம் தருபவற்றில் தலைமுடிச் சாயத்துக்கான பி.பி.டி. என்ற வேதிப்பொருள் கலந்திருக்கலாம். இது கடும் ஒவ்வாமையை உண்டாக்கும்.

பெயரற்ற கண்மை, சுர்மா: சில மரபுவழித் தயாரிப்புகளில் ஈயம் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. குழந்தைகளுக்கு இது கூடுதல் தீங்கு.

பிரிக்கப்பட்ட பொருள், மாதிரிப் பொருள்: முத்திரை உடைந்த டப்பா, ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிடப்பட்ட மாதிரி ஆகியவற்றைப் பரிசுக்கூடையில் சேர்த்து விற்றால் வாங்கக்கூடாது.

விலையை ஒப்பிடுவது எப்படி?

2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி மாற்றத்தில், தலைமுடி எண்ணெய், ஷாம்பு, குளியல் சோப்புக் கட்டி, முகப் பவுடர், டால்கம் பவுடர், ஷேவிங் கிரீம் ஆகியவற்றின் வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. லிப்ஸ்டிக், முகக் கிரீம் உள்ளிட்ட பிற ஒப்பனைப் பொருள்கள் 18 விழுக்காட்டிலேயே தொடர்கின்றன. குறைந்த தொகையில் பரிசு வாங்குவோருக்கு முதல் பட்டியல் கூடுதலாகக் கைகொடுக்கும்.

அதிகபட்ச சில்லறை விலையில் வரி அடங்கியுள்ளது. அதற்குமேல் வரி கேட்பது விதிமீறல். ஒரு கிராம் அல்லது ஒரு மில்லிலிட்டருக்கான விலையும் லேபிளில் அச்சிடப்படுகிறது. அழகான பெட்டியில் வரும் பரிசுத் தொகுப்பின் விலையையும், அதே பொருள்களைத் தனித்தனியே வாங்கினால் ஆகும் விலையையும் ஒப்பிட்டால், பெட்டிக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது புலப்படும்.

‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்ற அறிவிப்பு உள்ள பொருளில், பயன்படுத்தும் கால வரம்பை முதலில் பார்க்க வேண்டும். ஜனவரியோடு காலாவதியாகும் கிரீம், கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுக்கத் தக்கதன்று.

எல்லை தாண்டி வாங்குவோரும் இணையத்தில் வாங்குவோரும்

அழகுசாதனப் பொருள் சட்டம் மத்தியச் சட்டம் என்பதால் இரு மாநிலங்களிலும் ஒரே விதிதான். ஆயினும் குறை ஏற்பட்டால் நடவடிக்கை எடுப்பது கடை அமைந்துள்ள மாநிலத்தின் அதிகாரிகளே. எனவே வாளையார், கோபாலபுரம், சின்னாறு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகச் சென்று வாங்குவோர் பில்லைக் கட்டாயம் பெற்றுக்கொள்ள வேண்டும். சாலையோரத் தற்காலிகக் கடையில் பில் தர மறுத்தால், அங்கு முகப்பூச்சை வாங்குவதைத் தவிர்ப்பதே நல்லது.

இணைய விற்பனைத் தளங்கள் விற்பனையாளரின் விவரத்தையும், பொருள் தயாரான நாட்டையும் காட்ட வேண்டும் என 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. சமூக ஊடகக் கணக்குகளில் மட்டும் விற்கப்படும், விற்பவர் முகவரி தெரியாத கிரீம்களை வாங்கினால், பின்னர்ப் புகாரளிக்க யாரும் கிடைக்கமாட்டார்கள்.

புகார் அளிப்பது எங்கே?

கேரளத்தில் போலியான அல்லது உரிமமற்ற அழகுசாதனப் பொருள் குறித்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் 1800 425 3182 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். விலை, அளவு, சேவைக் குறைபாடுகளுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாங்கிய பொருளைக் கட்டணம் செலுத்தி அரசு ஆய்வாளரிடம் சோதனைக்கு அளிக்கும் உரிமையை மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவு வாங்கியவருக்கு வழங்குகிறது. போலியான அல்லது கலப்படமான அழகுசாதனப் பொருளைத் தயாரிப்போருக்கும் விற்போருக்கும் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும், குறைந்தது 50,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம்.

பரிசாகக் கிடைத்த பொருளை முதன்முறை பயன்படுத்தும்போது முழங்கையின் உட்புறம் சிறிது பூசி ஒரு நாள் பார்க்கலாம். அரிப்போ சிவப்போ தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். முகப்பூச்சைத் தொடர்ந்து பயன்படுத்துபவருக்குக் கால் வீக்கமோ சிறுநீரில் நுரையோ தென்பட்டால், மருத்துவரிடம் அந்த டப்பாவையும் எடுத்துச் செல்வது நோயை விரைந்து கண்டறிய உதவும். எனவே டப்பாவையும் பில்லையும், பொருள் தீரும் வரையிலாவது பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.